முட்டையிட இடம் தேடும் அந்துப் பூச்சி

முட்டைக்கோசு நட்ட வயலைச் சில நாட்கள் கழித்துப் பார்வையிடும் விவசாயியின் கண்ணில் முதலில் படுவது புழுவன்று. இலைகளில் விழுந்துள்ள சிறு துளைகளே. துளைகளைக் கண்ட பின்னரே அவர் புழுவைத் தேடுகிறார். புழுவைக் கண்ட பின்னரே மருந்தைத் தேடுகிறார். ஆனால் அவ்வயலில் எந்தச் செடி பிழைக்கும், எந்தச் செடி அரிபடும் என்பது அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஓர் இரவில் முடிவு செய்யப்பட்டு விடுகிறது. அம்முடிவைச் செய்வது விரல் நகத்தின் நீளங்கூட இல்லாத ஒரு பெண் அந்துப் பூச்சி.

அப்பூச்சி ஆயிரக்கணக்கான செடிகளுக்கிடையே ஒரு செடியை எவ்வாறு தெரிந்தெடுக்கிறது? எதனை நாடுகிறது? எதனை ஒதுக்குகிறது? விலங்கியலாருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல இவை. பயிருக்கு மருந்தடிக்கும் செலவும், அம்மருந்து உண்போர் உடலில் சேரும் அபாயமும் இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் நடைபெற்ற ஆராய்ச்சிகள், இவ்விடையை வயலில் பயன்படுத்த இயலும் என்பதைக் காட்டியுள்ளன.

தாயின் தெரிவும் சேயின் வாழ்வும்

அந்துப் பூச்சியின் வாழ்க்கை முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு பருவங்களை உடையது. பயிருக்குத் தீங்கு செய்வது புழுப் பருவம் ஒன்றே. இறக்கை முளைத்த பூச்சி இலையைத் தின்பதில்லை. மலர்த்தேனையும் பனிநீரையும் உறிஞ்சி வாழ்கிறது. எனவே தாய்ப் பூச்சி தெரிந்தெடுக்கும் இலை அதற்கு உணவன்று. தான் உண்ணாத ஒன்றை, தான் காணப்போகாத சந்ததிக்காக அது தேடுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு மிகச் சிறியது. ஒரு செடியிலிருந்து இறங்கி மண்ணில் ஊர்ந்து மற்றொரு செடியை அடைவது அதற்குப் பெரும்பாலும் இயலாத செயல். வெயிலும் எறும்பும் அதனை வழியிலேயே முடித்துவிடும். எனவே தாய் இட்ட இடமே புழுவின் உலகம் என்று கூறலாம். தகாத செடியில் முட்டையிடும் தாயின் வழித்தோன்றல்கள் மடிகின்றன. தகுந்த செடியில் இடும் தாயின் வழித்தோன்றல்கள் பெருகுகின்றன. இவ்வாறு எண்ணற்ற தலைமுறைகளில் நேர்ந்த தேர்வின் பயனாகவே, செடியை இனங்காணும் நுட்பம் தாய்ப் பூச்சியின் உடலில் அமைந்துள்ளது.

வைரமுதுகு அந்துப் பூச்சி

கோசுப் பயிரின் தலையாய பகைவனான வைரமுதுகு அந்துப் பூச்சியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விலங்கியலார் இதற்குப் புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா என்று பெயரிட்டுள்ளனர். இது இறக்கைகளை மடித்து அமர்ந்திருக்கும் பொழுது, முதுகின் நடுவே வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தோன்றும். பெயரின் காரணம் அதுவே. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஃபிளெச்சர் என்னும் ஆங்கிலப் பூச்சியியலார் எழுதிய நூல் 1914-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் இப்பூச்சியைப் பற்றிய தொடக்ககாலக் குறிப்பு அவருடையதே.

ஒரு பெண் பூச்சி ஏறக்குறைய 150 முட்டைகளை இடுகிறது. அவற்றுள் பெரும்பகுதியைப் பிறந்த முதற்சில இரவுகளிலேயே இட்டுவிடுகிறது. முட்டை மஞ்சள் நிறமானது; அரை மில்லிமீட்டர் நீளமுள்ளது. சில நாட்களில் வெளிவரும் புழு, முதலில் இலையின் உட்புறத்தைக் குடைந்து தின்கிறது. பின்னர் இலையின் அடிப்பரப்பைச் சுரண்டி, மேல்தோலை மட்டும் விட்டுவைக்கிறது. அப்பொழுது இலையில் கண்ணாடிச் சன்னல் பதித்தாற்போன்ற தோற்றம் உண்டாகிறது. வெப்பமான பருவத்தில் முட்டை முதல் பூச்சி வரையிலான வாழ்க்கை மூன்று வாரங்களுக்குள் நிறைவுறும். ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட தலைமுறைகள் தோன்றக்கூடும்.

தலைமுறைகள் இவ்வளவு விரைந்து தோன்றுவதால், மருந்துகளைத் தாங்கும் ஆற்றலும் இப்பூச்சிக்கு விரைவில் வாய்க்கிறது. டி.டி.டி. மருந்து இதன்மீது பலிக்கவில்லை என்பது ஜாவாத் தீவில் 1953-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. மண்வாழ் பாக்டீரியா ஒன்றிலிருந்து பெறப்படும் பி.டி. என்னும் உயிரியல் மருந்தும் ஹவாய்த் தீவுகளின் வயல்களில் பயனிழந்து வருவதாக 1990-இல் அறிவிக்கப்பட்டது. மருந்து பலிக்காத பொழுது அதனை இன்னும் அடிக்கடி தெளிக்கத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு தெளிக்கத் தெளிக்க, தாங்கும் ஆற்றலுடைய பூச்சிகளே எஞ்சி நின்று பெருகுகின்றன. செலவும் நஞ்சும் மட்டுமே உயர்கின்றன. புழுவைக் கொல்வதைக் காட்டிலும், தாய் முட்டையிடும் இடத்தை மாற்றுவது நல்ல வழியாகுமா என்னும் எண்ணம் இந்நிலையில்தான் வலுப்பெற்றது.

தொலைவிலிருந்து வரும் மணம்

அந்துப் பூச்சிகள் பெரும்பாலும் அந்தி சாய்ந்த பின்னரே இயங்குகின்றன. இருளில் இலையின் வடிவும் நிறமும் ஓரளவே துணைசெய்யும். ஆகவே தொலைவிலிருந்து செடியை அறிவதற்கு மணமே அவற்றுக்கு முதன்மையான வழிகாட்டி. தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளே பூச்சியின் மூக்கு. அவற்றின்மீது நுண்ணிய மயிர்கள் அடர்ந்துள்ளன. மயிர்களின் சுவர்களில் கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் உள்ளன. காற்றில் மிதந்துவரும் மணப்பொருள் அத்துவாரங்களின் வழியே புகுந்து நரம்பணுக்களைத் தூண்டுகிறது.

இத்தூண்டுதலை அளந்தறியும் முறையை ஜெர்மானிய விஞ்ஞானி ஷ்னைடர் 1957-இல் பட்டுப்பூச்சியைக் கொண்டு நிறுவினார். உணர்கொம்பின் இருமுனைகளையும் நுண்ணிய மின்வாய்களுடன் இணைத்து, அதன்மீது மணமுள்ள காற்றைச் செலுத்தினால், உணர்கொம்பில் எழும் சிறு மின்மாற்றம் கருவியில் பதிவாகும். ஒரு செடியிலிருந்து வெளிப்படும் பல மணப்பொருள்களுள் எவற்றைப் பூச்சி உணர்கிறது, எவற்றை உணர்வதில்லை என்பதை இம்முறையால் பிரித்தறியலாம்.

இவ்வாறு ஆராய்ந்ததில் இரண்டு உண்மைகள் புலனாயின. முதலாவது, புல்லை வெட்டும் பொழுது எழும் பசுமை மணத்தைப் போன்ற சில பொருள்கள் பெரும்பாலான செடிகளுக்குப் பொதுவானவை. அவை ‘இங்கே பசுந்தழை உண்டு’ என்பதை மட்டுமே அறிவிக்கின்றன. இரண்டாவது, சில பொருள்கள் ஒரு குடும்பத்துச் செடிகளுக்கே உரியவை. பொதுவான மணமும் சிறப்பான மணமும் உரிய அளவில் கலந்து வரும்பொழுது பூச்சி காற்றை எதிர்த்துப் பறந்து செடியை நெருங்குகிறது.

மணம் ஈர்ப்பது மட்டுமன்றி விலக்கவும் செய்யும். புகையிலைச் செடியைப் புழுக்கள் தின்னும்பொழுது அச்செடி பகலில் ஒருவகை மணக் கலவையையும் இரவில் வேறுவகைக் கலவையையும் வெளியிடுகிறது. இரவில் வெளிப்படும் மணத்தை உணரும் தாய் அந்துப் பூச்சிகள் அச்செடியை விட்டு விலகுகின்றன என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் கண்டறிந்தனர். ஏற்கெனவே புழுக்கள் நிறைந்த செடியில் தன் சேய்க்குப் போதிய உணவு கிட்டாது. பகைப் பூச்சிகளும் அங்கே கூடியிருக்கும். அம்மணம் இவ்வெச்சரிக்கையைத் தாய்க்கு அறிவிக்கிறது என்று கொள்ளலாம்.

தீண்டி அறிதல்

மணம் பூச்சியைச் செடிவரை கொண்டுவந்து சேர்க்கிறது. முட்டையிடுவதா வேண்டாவா என்னும் இறுதி முடிவு தீண்டலாலேயே செய்யப்படுகிறது. இலையில் இறங்கிய பூச்சி அதன்மீது அங்குமிங்கும் நடக்கிறது. உணர்கொம்புகளின் நுனியால் இலையைத் தொட்டுப் பார்க்கிறது. பின்னர் வயிற்றின் முனையை வளைத்து முட்டையிடும் உறுப்பால் இலைப்பரப்பைத் தடவுகிறது. சுவையை அறியும் நுண்மயிர்கள் பூச்சிகளின் வாயில் மட்டுமன்றிப் பாதங்கள் முதலிய பிற உறுப்புகளிலும் உள்ளன. எனவே இலையை உண்ணாமலேயே அதன் சுவையை அறிய அவற்றால் இயலும்.

இலையின் பரப்பும் கவனிக்கப்படுகிறது. வைரமுதுகுப் பூச்சி வழவழப்பான சமதளத்தைவிட நரம்பை ஒட்டிய பள்ளங்களிலேயே மிகுதியாக முட்டையிடுகிறது. காய்ப்புழுவின் தாயோ மென்மயிர் நிறைந்த பரப்பை விரும்புகிறது. மயிர்கள் முட்டையைப் பற்றி நிறுத்துவதற்கு உதவுகின்றன.

கடுகின் காரநெடி

கோசு, காலிபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கடுகை முழுதாகக் கையில் வைத்து முகர்ந்தால் நெடி தோன்றாது. அதனை நீர் விட்டு அரைத்தால் மூக்கைத் துளைக்கும் காரம் எழுகிறது. ஆவக்காய் ஊறுகாய் போடும் வீடுகளில் அனைவரும் அறிந்த செய்தி இது. இதன் காரணம் பின்வருமாறு.

இக்குடும்பத்துச் செடிகளின் திசுக்களில் குளுகோசினோலேட்டு என்னும் கந்தகச் சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் கடுகில் மிகுதியாக உள்ளது சினிக்ரின். இச்சேர்மங்களைச் சிதைக்கவல்ல நொதி ஒன்று வேறு அணுக்களில் தனியே அடைபட்டிருக்கிறது. விதையோ இலையோ நசுங்கும்பொழுது இரண்டும் கலந்து, காரமான கடுகெண்ணெய்ப் பொருள்கள் உண்டாகின்றன. தன்னைத் தின்ன வரும் உயிரினங்களைத் துரத்துவதற்குச் செடி அமைத்துக்கொண்ட படைக்கலம் இது. பெரும்பாலான பூச்சிகள் இதற்கு அஞ்சி விலகுகின்றன.

வைரமுதுகுப் பூச்சியின் புழுவுக்கு இப்படைக்கலம் பலிப்பதில்லை. அதன் குடலிலுள்ள ஒரு நொதி, செடியின் நொதி செயற்படுவதற்கு முன்பே குளுகோசினோலேட்டிலிருந்து கந்தகப் பகுதியைக் கழற்றிவிடுகிறது. அதன்பின் காரப்பொருள் உண்டாக வழியில்லை. இவ்வுண்மை 2002-இல் வெளியிடப்பட்டது. மற்றப் பூச்சிகள் நெருங்க அஞ்சும் செடி இவ்வாறு இப்பூச்சிக்குப் போட்டியில்லாத விளைநிலமாயிற்று. துரத்துவதற்காக அமைந்த மணமே அழைப்பாகவும் மாறிற்று.

இத்தொடர்பை முதன்முதலில் உணர்ந்தவர் டச்சு நாட்டுத் தாவரவியலார் வெர்ஷாஃபெல்ட். கோசு வண்ணத்துப் பூச்சியின் புழுக்கள் தீண்டாத இலைகளின்மீது கடுகுக் குடும்பச் செடியின் சாற்றைப் பூசினால், அவற்றையும் அப்புழுக்கள் தின்கின்றன என்று அவர் 1910-இல் காட்டினார். வைரமுதுகுப் பூச்சியின் புழுக்களும் இப்பொருள்களாலேயே தூண்டப்படுகின்றன என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் தார்ஸ்டைன்சன் 1953-இல் எழுதினார். தாய்ப் பூச்சியை முட்டையிடத் தூண்டுவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு என்பது 1960-இல் குப்தாவும் தார்ஸ்டைன்சனும் வெளியிட்ட ஆராய்ச்சியால் விளங்கியது.

ஹெசரகட்டாவில் கண்ட வழி

இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1967-இல் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் பெங்களூருவின் வடமேற்கே ஹெசரகட்டாவில் உள்ளது. கோலார், மாலூர், சிக்கபள்ளாப்பூர், ஹொஸ்கோட்டே வட்டாரங்களின் காய்கறி விவசாயிகள் சந்திக்கும் இடர்ப்பாடுகள் இந்நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கு இயல்பான பொருளாயின. அங்குப் பணியாற்றிய பூச்சியியலார் சீனிவாசனும் கிருஷ்ணமூர்த்தியும், கோசு வயலில் கடுகைப் பொறிப்பயிராக வளர்க்கும் முறையை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்டனர்.

பொறிப்பயிர் என்பது முதன்மைப் பயிரைவிடப் பூச்சிக்குக் கவர்ச்சி மிக்க மற்றொரு பயிர். கோசும் கடுகும் அருகருகே இருந்தால் தாய்ப் பூச்சி கடுகை மிகுதியாக நாடுகிறது. எனவே கோசுக்குச் சேரவேண்டிய முட்டைகள் கடுகில் சேர்கின்றன. ஹெசரகட்டா முறையில் 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு ஒதுக்கப்படுகிறது. வயலின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் கடுகாகவே அமைகின்றன.

இம்முறையின் உயிர்நாடி காலக்கணக்கில் உள்ளது. இரண்டு கடுகு வரிசைகளுள் ஒன்றைக் கோசு நடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே விதைக்க வேண்டும். கோசு நாற்று வயலுக்கு வரும்பொழுது கடுகு இலைவிட்டு நிற்கும். முதலில் வரும் பூச்சிகளை அதுவே ஏற்றுக்கொள்ளும். ஆனால் கடுகு குறுகிய காலப் பயிர். அது பூத்து முற்றிய பின்னர் இளந்தழை குறைந்து கவர்ச்சியும் குறைகிறது. கோசோ அதன்பின்னும் பல வாரங்கள் வயலில் நிற்க வேண்டியது. ஆகையால் இரண்டாவது கடுகு வரிசையைக் கோசு நட்ட 25 நாட்களுக்குப் பின்னர் விதைக்க வேண்டும். முதல் வரிசை ஓயும் காலத்தில் இரண்டாம் வரிசை தழைத்து அப்பொறுப்பை ஏற்கிறது.

வைரமுதுகுப் பூச்சியை மட்டுமன்றி, இலைகளைப் பின்னித் தின்னும் புழுவையும் அசுவினியையும் கடுகு தன்பால் இழுக்கிறது. மருந்தைக் கடுகு வரிசைகளில் மட்டும் தெளித்தால் போதும். கோசின்மீது தேவைக்கேற்ப வேப்பங்கொட்டைச் சாற்றை நூற்றுக்கு நான்கு பங்கு வீதம் தெளிக்கலாம். இதனால் மருந்துச் செலவு குறைகிறது. கோசின்மீது நஞ்சு மிகுதியாகப் படாமையால், புழுக்களை அழிக்கும் கொட்டீசியா போன்ற சிறு குளவிகளும் வயலில் பிழைத்திருக்கின்றன.

தக்காளியும் செண்டுமல்லியும்

இதே நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தக்காளிக் காய்ப்புழுவுக்கு உரிய பொறிப்பயிர் முறையை 1994-இல் வெளியிட்டனர். இப்புழு ஹெலிகோவர்ப்பா ஆர்மிஜெரா என்னும் அந்துப் பூச்சியினுடையது. வைரமுதுகுப் பூச்சியைப் போல ஒரே குடும்பத்துச் செடிகளை நாடுவதன்று. பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி உட்பட இந்தியாவில் 180-க்கும் மேற்பட்ட தாவரங்களில் இது பதிவு செய்யப்பட்டுள்ளது.

எல்லாவற்றையும் தின்னவல்ல பூச்சிக்குத் தெரிவு எதற்கு என்று கேட்கலாம். தின்னக்கூடிய செடிகள் பலவாயினும், அவற்றைத் தாய் சமமாகக் கருதுவதில்லை. பூக்கும் பருவத்திலுள்ள செடியை அது மிகவும் விரும்புகிறது. மொட்டும் பூவும் புழுவுக்குச் சத்துள்ள இளம் உணவு. மலர்த்தேன் தாய்க்கு உணவு. இரண்டும் ஒரே இடத்தில் கிட்டுகின்றன. அன்றியும், தான் முன்னர் முட்டையிட்டுப் பழகிய செடியையே மீண்டும் நாடும் அனுபவ அறிவும் இப்பூச்சிக்கு உண்டு என்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் காட்டினர்.

பூக்கும் செடியின்மீது பூச்சிக்குள்ள விருப்பமே ஹெசரகட்டா முறையின் அடிப்படை. உயரமாக வளரும் ஆப்பிரிக்கச் செண்டுமல்லியை 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை வீதம் நடுகின்றனர். தக்காளி நாற்று 25 நாள் வயதுடையதாகவும், செண்டுமல்லி நாற்று 40 முதல் 45 நாள் வயதுடையதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் நட வேண்டும். வயதில் இவ்வேறுபாடு வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. தக்காளி முதற்பூ எடுக்கும் வேளையில் செண்டுமல்லி மொட்டு நிறைந்து நிற்க வேண்டும். சம வயது நாற்றுகளை நட்டால், தக்காளி முதலில் பூத்துத் தாய்ப் பூச்சியை வரவேற்றுவிடும். செண்டுமல்லி பின்னர்ப் பூப்பதால் பயனில்லை. பூச்சியின் விருப்பத்தை அறிந்தால் மட்டும் போதாது. அவ்விருப்பம் எழும் காலத்தையும் அறிய வேண்டும் என்பதற்கு இது சிறந்த சான்று.

தாயின் பிழைகள்

தாய் தன் சேய்க்கு ஏற்ற செடியையே விரும்பும் என்னும் கருத்தை அமெரிக்க விஞ்ஞானி ஜெனிக் 1978-இல் கோட்பாடாக வகுத்தார். பல பூச்சிகளில் இது பொருந்துகிறது; சிலவற்றில் பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களே ஆராய்ச்சிக்கு மிகுந்த பயன் தருவன.

ஐரோப்பாவில் இயல்பாக வளரும் பார்பேரியா என்னும் களைச்செடி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிறப் பூக்களை உடையது. வைரமுதுகுப் பூச்சி கோசைவிட இச்செடியில் மிகுதியாக முட்டையிடுகிறது. ஆனால் வெளிவரும் புழுக்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. குளுகோசினோலேட்டுகளுடன் சபோனின் வகையைச் சேர்ந்த பொருள்களும் அச்செடியில் உள்ளன. புழுவால் அவற்றைத் தாங்க இயலுவதில்லை. தாயோ அவற்றை அறிந்து விலகுவதில்லை. பளபளப்பான இலைகளையுடைய சில கோசு வகைகளிலும் இத்தகைய நிலை காணப்படுகிறது. தாய் அவற்றில் விரும்பி முட்டையிடுகிறது. புழுக்களோ அவ்விலைகளில் நிலைத்துத் தின்னாமல் அலைந்து பெரும்பாலும் அழிகின்றன.

இப்பிழைகளிலிருந்து ஓர் அடிப்படை உண்மை தெளிவாகிறது. தாய்ப் பூச்சி உணவின் தரத்தை நேரே அறிவதில்லை. உணவுக்கு அறிகுறியாக நிற்கும் சில பொருள்களையே அறிகிறது. இயற்கையில் அறிகுறியும் உணவும் பெரும்பாலும் சேர்ந்தே இருப்பதால் அதன் தெரிவு பலிக்கிறது. இரண்டும் பிரிந்துவிட்டால் அது ஏமாறுகிறது. பொறிப்பயிர் முறை இப்பிரிவையே பயன்படுத்திக் கொள்கிறது. முட்டையை ஏற்று, புழுவைத் தானே அழிக்கும் செடி கிடைக்குமாயின், பொறிப்பயிருக்கு மருந்தும் தேவைப்படாது.

கென்யா நாட்டில் மக்காச்சோளத் தண்டு துளைக்கும் புழுக்களுக்காக வகுக்கப்பட்ட முறை இவ்வழியில் அமைந்தது. மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடி வளர்க்கப்படுகிறது. அதன் மணம் தாய்ப் பூச்சியை விலக்குகிறது. வயலைச் சுற்றி நேப்பியர் புல் வளர்க்கப்படுகிறது. அது பூச்சியை ஈர்க்கிறது. அப்புல்லில் பிறக்கும் புழுக்களுள் மிகச் சிலவே பிழைக்கின்றன. இரண்டு செடிகளும் கால்நடைகளுக்குத் தீவனமாகவும் உதவுகின்றன.

முறையின் எல்லைகள்

பொறிப்பயிர் எல்லா இடத்திலும் ஒரே பயனைத் தருவதன்று. அமெரிக்காவில் நடந்த சில சோதனைகளில் கடுகு வரிசைகளால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. கடுகின் வகை, பருவம், அயல் வயல்களிலுள்ள பயிர், பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் விளைவு மாறுபடும். எனவே ஓரிடத்தில் வெற்றி கண்ட அளவுகளை மற்றோரிடத்தில் சோதித்த பின்னரே பின்பற்றுவது தக்கது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பொறிப்பயிர் பூச்சியைக் கொல்வதில்லை, திரட்டி வைக்கிறது. திரண்ட முட்டைகளையும் புழுக்களையும் உரிய காலத்தில் அழிக்காவிடில், கடுகு வரிசையே புழுக்களின் நாற்றங்காலாகி, அடுத்த தலைமுறையைக் கோசின்மீது ஏவிவிடும். விதைத்துவிட்டுக் கவனிக்காத பொறிப்பயிர், விதைக்காததைவிடத் தீங்கானது.

தொடக்கத்தில் கடுகின்மீது தெளிப்பதற்கு டைகுளோர்வாஸ் என்னும் மருந்து பரிந்துரைக்கப்பட்டது. 2018-இல் வெளியான அரசாணையின்படி, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அம்மருந்துக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. எனவே பழைய துண்டு வெளியீடுகளில் அதன் பெயரைக் காண்போர் அதனை மேற்கொள்ளலாகாது. தற்பொழுது அனுமதியுள்ள மருந்து எது என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும்.

புதிய பகைவர்களும் வந்துள்ளனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த தக்காளி இலை துளைப்பான் 2014-இல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. அது தக்காளிக் குடும்பத்துச் செடிகளையே முதன்மையாக நாடுவதால், செண்டுமல்லி வரிசையால் அதனைத் தடுக்க இயலாது. அமெரிக்கப் படைப்புழு 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்ட மக்காச்சோள வயல்களில் முதன்முதலாகக் காணப்பட்டு, விரைவில் நாடெங்கும் பரவியது. பெங்களூரு ஹெப்பாலிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதற்கான உயிரியல் கட்டுப்பாட்டு முறைகளை ஆராய்ந்து வருகிறது. ஒவ்வொரு புதிய பூச்சிக்கும் அதே பழைய வினாக்களைப் புதிதாகக் கேட்க வேண்டியுள்ளது: தாய் எதனை நாடுகிறது? எதனை ஒதுக்குகிறது? எப்பொழுது?

மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனை

இவ்வினாவுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் எப்பொழுதும் வேண்டுவதில்லை. கோசு பயிராகும் ஊர்களிலுள்ள பள்ளி மாணவர்கள் பின்வரும் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஏறக்குறைய ஒரே உயரமுள்ள கோசு நாற்றுகளை மூன்று தொட்டிகளிலும், கடுகுச் செடிகளை மூன்று தொட்டிகளிலும் வளர்க்க வேண்டும். மருந்து எதுவும் தெளிக்கலாகாது. மாலையில் ஆறு தொட்டிகளையும் கோசு வயலின் ஓரத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சம இடைவெளியில் வைக்க வேண்டும். மறுநாட் காலையில் ஒவ்வொரு செடியின் இலைகளையும் இருபுறமும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, மஞ்சள் நிற முட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, அவற்றைத் துடைத்துவிட வேண்டும். அன்று மாலை தொட்டிகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிடில், ஒரு தொட்டியில் முட்டை மிகுந்ததற்குக் காரணம் செடியா, காற்று வரும் திசையா என்பது விளங்காது. இவ்வாறு ஏழு இரவுகள் செய்து, இருவகைச் செடிகளின் மொத்தத்தையும் ஒப்பிட வேண்டும். கடுகு பூத்த பின்னர் இச்சோதனையை மீண்டும் செய்தால், செடியின் பருவம் பூச்சியின் தெரிவை மாற்றுகிறதா என்பதும் தெரியவரும்.

கிடைக்கும் எண்கள் நூலிலுள்ளவற்றோடு ஒத்துப்போகலாம், ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஒத்துப்போகாவிடில் சோதனை பிழையாயிற்று என்று உடனே கருதலாகாது. அவ்வூர்க் கடுகு எவ்வகை, அவ்வூர் வயலில் அண்மையில் எம்மருந்து தெளிக்கப்பட்டது, அருகில் வேறு என்ன பயிர் நிற்கிறது என்று வினவத் தொடங்குவதே முறை. அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே, அவ்வூர் விவசாயி எத்தனை வரிசைக் கடுகு விதைப்பது, எப்பொழுது விதைப்பது என்று முடிவு செய்ய இயலும்.